மணிக்கட்டு சொன்ன தீர்ப்பு: ஸ்போர்ட்ஸ் பைக்கோடு 4 வருடம், 58,000 கிலோமீட்டர்

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் போன வாரம் கேட்டான்: "அண்ணே, நான் இதே வண்டிய எடுக்கலாம்னு காசு சேத்துக்கிட்டு இருக்கேன். நீங்க ஏன்ணே விக்கிறீங்க?" டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வண்டி 2021 கடைசியில் எடுத்தது. 300 சிசிக்குக் கொஞ்சம் மேல், ஒற்றை சிலிண்டர், முழு ஃபேரிங் (முன்னாலும் பக்கத்திலும் மூடும் பிளாஸ்டிக் உறை), கிளிப்-ஆன் ஹேண்டில்பார் (இரு பக்கமும் தனித்தனியாகத் தாழ்வாகப் பொருத்திய கைப்பிடி). எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. நான் சொல்லப்போகும் குறை, இப்படிக் குனிய வைத்து உட்கார வைக்கும் எந்த வண்டிக்கும் பொருந்தும். இன்றுவரை எஞ்சினைப் பிரித்ததில்லை. ஆயில், ஃபில்டர், இரண்டு முறை செயின் ஸ்பிராக்கெட், மூன்று முறை பின் டயர், ஒரு முறை கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்). அவ்வளவுதான். வண்டி எனக்கு எந்தத் துரோகமும் செய்யவில்லை.

எனக்கு வீடு திருவையாறு, வேலை கும்பகோணம். திருப்பழனம், திங்களூர், கணபதி அக்ரகாரம், உமையாள்புரம், கபிஸ்தலம், சுவாமிமலை வழியாகப் போகிறேன். ஒரு நடைக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் வரும். இந்தச் சாலையில் ஓர் ஊர் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடை, தாண்டினால் இன்னொன்று. மதகு வருகிற இடமெல்லாம் சாலை ஒரு தூக்குத் தூக்கி இறங்கும். வாழைத்தார் ஏற்றிய மினி லாரி, கட்டிலிருந்து அவிழ்ந்து வந்த மாடு, திடீரென்று திரும்பும் டிவிஎஸ் 50. 45-க்கு மேல் சேர்ந்தாற்போல இரண்டு நிமிடம் ஓட்ட முடிந்தால் அன்றைக்கு நல்ல நாள். வேகத்தடைகளை ஒருநாள் எண்ணத் தொடங்கி, கபிஸ்தலத்தோடு விட்டுவிட்டேன்.

பிரச்சினை இங்கேதான். ஸ்போர்ட்ஸ் பைக்கில் கால் பின்னால் மடங்கும், உடம்பு முன்னால் சாயும், மேல்பாதி எடையில் பெரும்பங்கு கைக்கு வரும். 90, 100-இல் போகும்போது எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கிக்கொள்ளும், கை லேசாகிவிடும். அந்த வேகத்துக்காக யோசித்துச் செய்த இருக்கை அது. 45-இல் காற்று எதையும் தாங்காது. அத்தனை பாரமும் உள்ளங்கையின் அடியிலும் கட்டைவிரல் மடிப்பிலும் இறங்கும். வேகத்தடைக்குப் பிரேக் பிடித்தால் இன்னும் கொஞ்சம் முன்னால் சரியும். முழங்காலால் டேங்கை இறுக்கிப் பிடி, முழங்கையைத் தளர்வாக வை என்பார்கள். உண்மையிலேயே பலன் தரும் யோசனை. ஆனால் தினமும் போக வர இரண்டு மணி நேரத்துக்கு மேல், இத்தனை வேகத்தடைக்கும் யாரால் டேங்கை இறுக்கிக்கொண்டே இருக்க முடியும்? முதல் வருடம் பழகிவிடும் என்று நினைத்தேன். மூன்றாவது வருடம் ராத்திரி சாதம் பிசையும்போது வலது கட்டைவிரல் அடியில் சுருக்கென்று வலித்தது. அப்புறம் அது தினமும் வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஹேண்டில் திரும்பும் கோணம். கிளிப்-ஆன் டேங்கில் இடித்துவிடும் என்பதால் பாதிதான் திரும்பும். வாய்க்கால் கரைச் சாலையில் எதிரே அறுவடை இயந்திரம் வந்தால் மற்ற வண்டிக்காரர்கள் சட்டென்று திருப்பிக்கொண்டு போவார்கள். நான் இறங்கி, முன்னும் பின்னுமாக நாலு முறை தள்ளித் திருப்ப வேண்டும். ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் தண்ணீர்.

சரி, நல்லதையும் சொல்லியாக வேண்டும். மார்கழிக் காலையில் பனி இறங்கியிருக்கும்போது ஃபேரிங்கின் அருமை தெரியும். முழங்கால் நனையாது, நெஞ்சில் குளிர் ஏறாது. ஐப்பசி மழையிலும் தொடைவரை காப்பாற்றும். இதை எதிர்பார்த்து நான் வாங்கவில்லை, அழகுக்காக வாங்கினேன். நாலு வருடமும் என்னைக் காய்ச்சலில் படுக்கவிடாமல் வைத்திருந்தது அந்த பிளாஸ்டிக்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

அந்த பிளாஸ்டிக்தான் போன அக்டோபரில் உடைந்தது. குறுவை அறுவடை நேரம். நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். களத்தில் இடம் போதாது, மேலே மேகம் வேறு. சாலையில் கொட்டிக் காயவைப்பதைத் தவிர விவசாயிக்கு வேறு வழியில்லை. உமையாள்புரம் அருகே பஸ்ஸுக்கு வழிவிட ஒதுங்கினேன், முன் சக்கரம் நெல்மேல் ஏறி வழுக்கியது. 20-இல்தான் போனேன், எனக்கு ஒன்றுமில்லை. நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த பெரியவர் ஓடிவந்து, "தம்பி, அடிகிடி பட்டுச்சா?" என்று கேட்டுவிட்டு வண்டியை அவரே தூக்கி நிறுத்தினார். வலது பக்க பேனல் நெடுக விரிந்துவிட்டது, பிடிப்புக் காதுகள் இரண்டு முறிந்துவிட்டன. இன்சூரன்ஸில் கேட்கவில்லை. நாலு வருடம் கிளைம் எடுக்காமல் சேர்ந்த 45 சதவீத நோ கிளைம் போனஸை, அதாவது பிரீமியத் தள்ளுபடியை, அடுத்த வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம், அதை இழக்க மனமில்லை. கைக்காசில்தான் வாங்கினேன்.

பேனல் வர இரண்டரை வாரம் ஆனது. அதுவரைக்கும் மன்னார்குடியில் இருக்கும் மச்சான் தன் நேக்கட் பைக்கைக் கொடுத்தார். நேக்கட் என்றால் ஃபேரிங்கைக் கழற்றிய அதே வண்டி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அகலமான ஒற்றை ஹேண்டில்பார், கொஞ்சம் முன்னால் வந்த ஃபுட்ரெஸ்ட், நிமிர்ந்த முதுகு. மூன்றாவது நாள் சாப்பிடும்போதுதான் கவனித்தேன், கட்டைவிரல் வலிக்கவில்லை. ஐந்தாவது நாள் ஆற்றைப் பார்த்தேன். நாலு வருடமாக அதே வழியில் போகிறேன், என் கண் முன் சக்கரத்துக்கு அடுத்த பத்தடியிலேயே இருந்திருக்கிறது. வாழைத் தோப்புக்கு அப்பால் காவிரி கரை தொட்டுப் போகிறது என்பதே நிமிர்ந்து உட்கார்ந்த பிறகுதான் கண்ணில் பட்டது. இதைச் சொன்னபோது மச்சான் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குறை இல்லாமல் இல்லை. மழை நேராக மடியில் விழுந்தது. சாயங்காலம் வயலிலிருந்து கிளம்பும் பூச்சி சட்டையெல்லாம் ஒட்டியது. 80-க்கு மேல் காற்று தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தது. ஆனால் என் வழியில் 80 எங்கே வருகிறது?

இப்போது எதை எடுப்பது என்பதுதான் கேள்வி. பல கம்பெனிகள் ஒரே எஞ்சினை ஸ்போர்ட்ஸ், நேக்கட் என இரண்டு உடம்பிலும் தருகின்றன. யமஹா ஆர்15-இல் இருக்கும் 155 சிசி எஞ்சின்தான் எம்டி-15-இல். டிவிஎஸ் ஆர்ஆர் 310-இன் 312 சிசி எஞ்சின்தான் 2023-இல் வந்த ஆர்டிஆர் 310-இல். கேடிஎம் 390 டியூக்கின் 399 சிசி மேல் ஆசை உண்டு. ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 ஆகிவிட்டது, அதற்கு மேல் 40. அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்பதுதான் என் சம்பளத்துக்குச் சரி. விற்கிறவனாக அதே வரிக்குறைப்பில் எனக்கு நட்டமும் உண்டு. வரி குறைந்த கணக்கில் புது வண்டி விலையே ஏறத்தாழ 8 சதவீதம் இறங்கிவிட்டதால், வந்து பார்த்தவர்கள் எல்லோரும் அதைச் சொல்லியே பேரம் பேசினார்கள்.

கடைசியில் படிந்தது திருச்சிக்காரர் ஒருவர். நேற்று வண்டியைக் காட்ட நானே ஓட்டிப் போனேன். தஞ்சாவூர் தாண்டி நான்குவழிச் சாலையில் ஏறியதும் வண்டி வேறு வண்டியாகிவிட்டது. காற்று நெஞ்சைத் தாங்க, கையில் பாரமே இல்லை. எஞ்சின் ஒரே சீராக இழுத்தது. இதையா விற்கிறோம் என்று துவாக்குடி வரை யோசித்துக்கொண்டே போனேன். முன்பணம் வாங்கி, வண்டியைப் பெயர் மாற்றும் 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டு, 14 நாளுக்குள் இன்சூரன்ஸைப் பெயர் மாற்றிவிடுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்ததும், அந்தத் தம்பிக்குப் போன் செய்தேன். "எடுத்துக்கோ தம்பி, நல்ல வண்டி" என்றேன். அந்த நிமிடம் அதைத்தான் சொல்லத் தோன்றியது. இப்போதும் மாற்றிச் சொல்ல மனமில்லை.

திரும்பி வரும்போது தஞ்சாவூரிலிருந்து திருவையாறு சாலையில் திரும்பினேன். வெண்ணாற்றுப் பாலம், வெட்டாற்றுப் பாலம். முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர், முந்த வழியில்லை. குடமுருட்டிப் பாலத்தில் ஏறி இறங்கும்போது கட்டைவிரல் மடிப்பில் அந்தச் சுருக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொடுக்கிறேன்.