முகக் குழிக்கு லேசர் பேக்கேஜ் எடுக்கப் போறீங்களா? என் கதையைக் கேட்டுட்டுப் போங்க

மதுரையில் பைக்கிலேயே சுற்றும் சேல்ஸ் வேலை எனக்கு. வயது 28. காலேஜ் காலத்துப் பருக்களைக் கிள்ளிக் கிள்ளி இரண்டு கன்னத்திலும் குழி. வீட்டில் பெண் பார்க்க ஆரம்பித்ததும், "போட்டோல அம்மைத் தழும்பு மாதிரி தெரியுதேடா" என்றார் அத்தை. அடுத்த வாரமே ஒரு ஸ்கின் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். பெயர் சொல்லப்போவதில்லை. சண்டை இன்னும் முடியவில்லை.

எதிரில் உட்கார்ந்தவர் வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்ததால் டாக்டர் என்று நினைத்தேன். என் முகத்தைத் தொடக்கூட இல்லை. கன்னத்தில் நாலைந்து பரு பழுத்துக்கொண்டிருந்தது, அதையும் கேட்கவில்லை. டேப்லட்டில் 'முன்', 'பின்' படங்களைக் காட்டி, "ஆறு சிட்டிங், 80 பர்சென்ட் போயிடும் சார். 72,000 பேக்கேஜ், இன்னைக்கு புக் பண்ணா 48,000. வட்டியில்லாத இ.எம்.ஐ." என்றார். அவர் டாக்டர் இல்லை, பேக்கேஜ் பேசி விற்கிற கவுன்சலராம். மாசக் கடைசி டார்கெட் பேச்சை நானே தினம் பேசுகிறவன். எனக்கே அது பிடிபடவில்லை என்பதுதான் வெட்கம்.

அந்தப் படங்களின் சூட்சுமத்தை வீட்டில் கண்டுபிடித்தேன். செல்போன் டார்ச்சைக் கன்னத்துக்குப் பக்கவாட்டில் பிடித்து ஒரு படம், நேராகப் பிடித்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். ஒரு ரூபாய் செலவில்லாமல் குழி மறைந்துவிடும்!

லேசர் அன்று டாக்டர் கதவோரம் நின்று "ஓகேவா?" என்று கேட்டதோடு சரி. மரத்துப்போக க்ரீம் தடவி, கருவியைப் பிடித்தது ஒரு பணிப்பெண். முடி கருகும் வாடை. நாலு பக்க இங்கிலீஷ் பாரத்தில் கையெழுத்து, கையில் ஒரு சாஷே சன்ஸ்கிரீன், அவ்வளவுதான். வெயிலில் போகாதே என்று யாரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சித்திரை வெயிலில் உசிலம்பட்டி ரோட்டில் இருந்தேன்.

பொருக்கு உதிர்ந்ததும் கன்னத்தில் கோலப்புள்ளி வைத்ததுபோல் வரிசை வரிசையாகப் புள்ளிகள். இரண்டே வாரத்தில் கன்னம் முழுக்கக் கருத்துவிட்டது. குழி அப்படியே இருந்தது. கேட்டால், "வெயில்ல போனது உங்க தப்பு சார், ஆசிட் தடவித் தோலை உரிக்கிற பீல் ஒண்ணு பண்ணா சரியாயிடும், 6,000 ஆகும்" என்கிறார்கள்.

பிறகு எம்.டி. தோல் மருத்துவம் படித்த ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். ஜன்னலோரம் உட்காரவைத்து, கன்னத்தை இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தார். "எந்த மெஷின், எவ்வளவு எனர்ஜி வச்சாங்க தம்பி?" என்றார். பில்லில் 'ஸ்கின் பேக்கேஜ்' என்றுதான் இருந்தது.

குழியிலேயே வகை இருக்கிறதென்று அன்றுதான் தெரியும். ஊசி குத்தினதுபோல் குறுகி ஆழமாக இருப்பது ஐஸ்பிக். ஓரம் வெட்டினதுபோல் இருப்பது பாக்ஸ்கார். மேடு பள்ளமாக அலையலையாக இருப்பது ரோலிங். எனக்குப் பெரும்பாலும் ரோலிங். மெத்தையில் பட்டன் வைத்துத் தைத்த இடம் உள்வாங்குகிற மாதிரி, தோலை அடியிலிருந்து நார் பிடித்து இழுக்கிறதாம். அதை ஊசியால் அறுத்துவிட வேண்டும், சப்சிஷன் என்கிறார்கள். நார் இழுத்துக்கொண்டிருக்கும்போது மேலே லேசர் மட்டும் அடித்துப் பெரிய பலன் இல்லை. ஐஸ்பிக் குழிக்குள் டி.சி.ஏ. ஆசிடைப் புள்ளியாகத் தொட்டு வைப்பார்கள். லேசரே மோசமில்லை, யாருக்கு, எந்தக் குழிக்கு, எவ்வளவு என்பதுதான் விஷயம் என்றார். நம்ம மாநிறத் தோலில் சூடு பட்டால் கருமை தட்டுவது சகஜமாம். எனர்ஜியைக் குறைத்து, ஓரமாக ஒரு இடத்தில் சோதித்துவிட்டுத்தான் செய்ய வேண்டுமாம். பரு அடங்காமல் குழியில் கை வைக்கவே கூடாது என்றார். "முழுசாப் போயிடும்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க. பாதி குறைஞ்சாலே நல்ல ரிசல்ட்."

நீங்கள் போகுமுன் டாக்டரின் பதிவு எண்ணை வாங்கி, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் பாருங்கள். லேசரைப் பிடிக்கப்போவது யார் என்று கேளுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். அந்த இ.எம்.ஐ. கிளினிக் தருவதில்லை, உங்கள் பேரில் ஃபைனான்ஸ் கம்பெனி போடும் கடன். கிளினிக்குக்கு 48,000 மொத்தமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. மீதி ஐந்து சிட்டிங் வேண்டாம் என்றாலும், தவணையை நிறுத்தினால் என் சிபில் ஸ்கோர்தான் அடிவாங்கும்.

1915-க்கு அடித்து நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது. பில், வாட்ஸ்அப் பேச்சு, நாள்வாரியாக எடுத்த முகப் படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

கருமை மெல்ல வெளுக்கிறது. சப்சிஷன் ஒருமுறை ஆகியிருக்கிறது; கன்னம் ஒரு வாரம் வீங்கி நீலம் பாரித்திருந்தது, ஆனால் அப்படி ஆகும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். ஹெல்மெட்டுக்குள் சன்ஸ்கிரீன் வழிய வழியத்தான் வேலைக்குப் போகிறேன். மாதம் 4,000 வீதம் இன்னும் ஏழு தவணை பாக்கி. ஒவ்வொரு ஐந்தாம் தேதியும் காலையில் மெசேஜ் வந்துவிடுகிறது.