விடைக்குறிப்பே தவறாக இருக்கும் பயிற்சி வினாக்களுக்குப் பணம் கட்டாதீர்கள்

பள்ளி இறுதி ஆண்டுகளில் புள்ளியியலும் நுண்கணிதமும் உயர்நிலையில் படிக்கும் பிள்ளைகளுக்கு இணையவழிப் பயிற்சி வினாக்கள் வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். என்னிடம் படிக்கும் மாணவர்களுக்காக ஒரு நிறுவனத்தில் ஓராண்டுச் சந்தா கட்டினேன். இலவசமாகக் காட்டிய மாதிரி வினாக்கள் அருமையானவை. பணம் கட்டிய பின் திறந்தவற்றின் தரம் முற்றிலும் வேறு.

ஒரு வினாவில், 1-ஐ எக்ஸ் வர்க்கத்தால் வகுத்துக் கிடைக்கும் சார்பை -1 முதல் 1 வரை தொகையிட வேண்டும். அவர்கள் தரும் விடை -2. அந்தச் சார்பு எங்குமே குறை எண் ஆவதில்லை. பரப்பு மட்டும் எப்படிக் குறை எண்ணாகும்? பூச்சியத்தை நெருங்கும்போது சார்பு வரம்பின்றி உயர்கிறது, அதன் கீழுள்ள பரப்பும் வரம்பின்றிக் கூடுகிறது, எனவே இந்தத் தொகைக்கு முடிவுள்ள மதிப்பே கிடையாது. இதை மாணவர் கவனிக்கிறாரா என்று பார்க்கத்தான் நல்ல ஆசிரியர் இந்த வினாவைக் கொடுப்பார். இரண்டாம் வகைக்கெழு பூச்சியமானாலே அங்கே வளைவு மாற்றப் புள்ளி (வரைபடம் வளையும் திசை மாறும் இடம்) உண்டு என்றும் ஒரு விளக்கம். எக்ஸின் நான்காம் அடுக்கு ஒன்றே போதும் அதைப் பொய்யாக்க: பூச்சியத்தில் அதன் இரண்டாம் வகைக்கெழு பூச்சியம், ஆனால் வளையும் திசை மாறுவதில்லை.

புள்ளியியல் பகுதி இன்னும் மோசம். பி மதிப்பு 0.03 என்றால் இன்மைக் கருதுகோள் (வேறுபாடோ விளைவோ இல்லை என்பது போன்ற தொடக்க அனுமானம்) உண்மையாக இருக்க 3 சதவீத வாய்ப்பு என்பதைச் சரியான விடையாகக் குறித்திருக்கிறார்கள். அந்தக் கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டால், கிடைத்த அளவுக்கோ அதைவிடத் தீவிரமாகவோ ஒரு முடிவு வர எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் பி மதிப்பு சொல்கிறது. பாடத்தின் உயிர்நாடியே இந்த வேறுபாடு.

என் கோபம் வீணான பணத்தைப் பற்றியது மட்டுமல்ல. நிதானமாக யோசிக்கும் ஒரு மாணவி இந்த பி மதிப்பு வினாவுக்குச் சரியாக விடையளித்தாள். திரையில் தவறு என்று வந்தது. விடைக்குறிப்பைச் சந்தேகிக்க அந்த வயதில் யாருக்குத் தோன்றும்? தன் புரிதலைத் திருத்திக்கொண்டு, அடுத்த தேர்வில் தவறானதை எழுதினாள். நன்றாகப் படிக்கிற பிள்ளையைத்தான் இது அதிகம் கெடுக்கிறது.

பிழைகளைச் செய்முறையோடு எழுதி அனுப்பினேன். வல்லுநர் குழு சரிபார்த்துவிட்டது என்று இரண்டு வரிப் பதில் வந்தது. எந்த விடையும் மாறவில்லை. பணத்தைக் கேட்டபோது, வினாக்களைத் திறந்துவிட்டதால் திருப்பித்தர முடியாது என்றார்கள். திறக்காமல் பிழையைக் காண்பது எப்படி என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. சந்தா தானாகப் புதுப்பிக்கப்படும் என்ற நிபந்தனையும் பொடி எழுத்தில் கிடந்தது. அதை உடனே ரத்து செய்தேன்.

வாங்கியே ஆக வேண்டுமென்றால், கட்டணப் பகுதியிலிருந்து சில வினாக்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பி மதிப்பையும் நம்பிக்கை இடைவெளியையும் எப்படி விளக்குகிறார்கள் என்று முதலில் பாருங்கள். பிழை அங்கேதான் சீக்கிரம் தெரியும். படிப்படியான செய்முறை இல்லாமல் வெறும் விடை எழுத்தை மட்டும் தருபவர்களிடம் போகாதீர்கள். அமெரிக்காவில் தேர்வுகள் நடத்தும் காலேஜ் போர்டு என்ற அமைப்பு, பள்ளி மாணவர்களுக்கான கல்லூரி நிலைத் தேர்வுகளான ஏபி புள்ளியியல், ஏபி நுண்கணிதத் தேர்வுகளில் விரிவான விடை கேட்ட பழைய வினாக்களை மதிப்பீட்டு வழிகாட்டிகளோடு இலவசமாகவே தருகிறது. என் மாணவர்கள் இப்போது அவற்றைத்தான் போட்டுப் பார்க்கிறார்கள்.