பவளத் தொட்டியில் அலையாத்தி: சில வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்று நம்பி அலையாத்தி வாங்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம். பார்க்கப் பிடித்திருக்கிறது, வேரும் இலையும் மெல்ல மெல்ல வருவதை வேடிக்கை பார்க்கும் பொறுமை இருக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம். சில வருடங்களாகப் பவளத் தொட்டியோடு சுரபுன்னை என்ற அலையாத்தி வகையை வளர்த்துவரும் என் அனுபவத்தின் சாரம் இதுதான். மீதி எல்லாம் விவரம். ஆனால் காசும் நேரமும் போவது அந்த விவரங்களில்தான்.

சுத்தம் செய்யும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. கரையோர அலையாத்திக் காடுகள் வண்டலையும் சத்துகளையும் பிடித்து நிறுத்துகின்றன. அதனால் அப்பால் இருக்கும் பவளப்பாறைகளுக்குத் தெளிந்த தண்ணீர் கிடைக்கிறது. உண்மைதான். ஆனால் அங்கே இருப்பது காடு, நம்மிடம் இருப்பது நாலைந்து குச்சி. ஒரு செடி தான் வளரும் அளவுக்குத்தான் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் எடுக்கும். சுரபுன்னையோ நிதானமாக இலை விடும் ஜாதி. கீட்டோ என்று நாம் சொல்லும் கீட்டோமார்ஃபா பாசியை நல்ல விளக்கின் கீழ் விட்டால், அவ்வப்போது ஒரு கைப்பிடி அள்ளி வெளியே எறியலாம்; அதோடு அது உறிஞ்சிய சத்தும் போய்விடும். அலையாத்தியில் அந்த வெளியேற்றம், உதிர்ந்த இலையை நாம் பொறுக்கி எடுத்தால் மட்டுமே நடக்கும். எடுக்காமல் விட்டால் இலை அழுகி, எல்லாம் திரும்பத் தண்ணீருக்கே வந்துவிடும்.

தண்ணீரின் அமில-கார அளவான பி.எச். விஷயமும் இப்படித்தான். பவளத்துக்கு விளக்கு அணைந்திருக்கும் இரவில் சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே வைக்கும் துணைத் தொட்டியில்) பாசிக்கு விளக்குப் போட்டால், அது தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்ளும், பி.எச். இரவில் அதிகம் இறங்காது. அதே பலன் அலையாத்தியிலும் கிடைக்கும் என்று சிலர் எழுதுகிறார்கள். அதன் இலை தண்ணீருக்கு மேலே இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடை அது எடுப்பது அறைக் காற்றிலிருந்து. தொட்டியின் பி.எச்.சுக்கு அதனால் எந்த லாபமும் இல்லை.

சரி, அமைப்புக்கு வருகிறேன். பவளம் இருப்பது சுமார் 300 லிட்டர் தொட்டி, கீழே அலமாரிக்குள் சம்ப். பலரும் அலையாத்தியை அந்தச் சம்ப்பில்தான் நடுகிறார்கள். கொஞ்ச காலத்தில் செடி அலமாரியின் மேல்பலகையை முட்டும், விளக்கு இலையைச் சுடும், நமக்குக் கையை விட்டு வேலை செய்ய இடம் இருக்காது. நான் தொட்டிக்குப் பக்கத்தில் அதே உயரத்தில் ஒரு தடித்த பிளாஸ்டிக் பெட்டி வைத்தேன். மேலே தண்ணீர் ஏற்றும் பம்பின் குழாயிலிருந்து ஒரு கிளை இதற்குள் வரும். நிரம்பி வழிவது தனிக் குழாய் வழியாகச் சம்ப்புக்கு இறங்கும். மேலே திறந்த வெளி, எவ்வளவு வளர்ந்தாலும் பிரச்சினை இல்லை. கண்ணாடி வேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் காரணம் வேர். சுரபுன்னை வேர் மூலையில் போய் முட்டித் தடிக்க ஆரம்பித்தால் சிலிக்கான் ஒட்டைப் பதம் பார்த்துவிடும் என்ற பயம். எடையையும் முன்பே கணக்குப் போடுங்கள். கடல்நீர் லிட்டருக்கு ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும். கல், மணல், கண்ணாடி, ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் 300 லிட்டர் தொட்டி 400 கிலோவை எளிதாகத் தாண்டிவிடும்.

தொட்டி பழகும் காலத்தைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்.ஓ.டி.ஐ. தண்ணீர் (கரைந்த உப்புகளை வடிகட்டி நீக்கிய தண்ணீர்), நல்ல உப்பு, உப்பளவு ஆயிரத்துக்கு 35. அமோனியா நைட்ரைட்டாகி, நைட்ரைட் நைட்ரேட்டாக மாறுவதற்கு ஒரு மாதமோ அதற்கு மேலோ பிடிக்கும். அதற்குப் பிறகு பழுப்புப் பாசி, பச்சை முடிப்பாசி, சிவப்புச் சவ்வு என்று வரிசையாக வந்து பார்ப்பவரை வெறுப்பேற்றும். அது கடந்துபோகும் கட்டம். அந்த நேரத்தில் மருந்து மருந்தாக ஊற்றுகிறவர்கள்தான் கடைசியில் தொட்டியைக் கலைக்கிறார்கள்.

அலையாத்தியில் வாங்க வேண்டியது விதை இல்லை, நாற்று. சுரபுன்னையின் விதை மரத்தில் தொங்கும்போதே முளைத்துவிடும். நீளமான பச்சைக் குச்சியாக வளர்ந்து பிறகுதான் விழும். வாங்கும்போது இரண்டு முனையையும் பாருங்கள். கீழ்முனை வேர் வரும் இடம், அது கொழகொழவென்று இருக்கக் கூடாது. மேல்முனையில் கூரான மொட்டு இருக்கும், அது உடையாமல் இருக்க வேண்டும். குச்சி கெட்டியாக இருக்க வேண்டும்; அழுத்தினால் அமுங்குவதையும் தோல் சுருங்கியதையும் ஒதுக்கிவிடுங்கள். எனக்கு வந்த முதல் நாற்றுக்கட்டில் பாதி அப்படிச் சுருங்கித்தான் வந்தது, அவற்றில் ஒன்றும் பிழைக்கவில்லை. நன்னீரில் வைத்திருந்த நாற்று என்றால் உப்பை ஒரே நாளில் ஏற்றாமல், சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது நல்லது.

நட்டுப் புதைக்கத் தேவையில்லை. ஸ்பாஞ்சு வளையத்தில் சொருகி, கீழ்ப்பகுதி மட்டும் தண்ணீரில் இருக்கும்படி நிமிர்த்தி வைத்தால் போதும். அப்புறம் வெகுநாள் எதுவும் நடக்காத மாதிரியே தெரியும். குச்சிக்குள் சேமித்துவைத்த சத்தை வைத்து அது முதலில் வேரைத்தான் விடும். கீழ்முனையைச் சுற்றி வெள்ளையாகச் சின்னச் சின்னப் புடைப்புகள், பிறகு அவை நீண்டு வளைந்து கீழே இறங்கும். வேர் ஒரு விரல் நீளம் வந்த பிறகு மணலில் இறக்கினேன். மேலே மொட்டு தடித்து, மேலுறை பிளந்து, இரண்டு இலைகள் ஒன்றோடொன்று சுருண்டபடி வெளியே வரும். அன்றைக்கு அவை எண்ணெய் தடவியது போலப் பளபளக்கும், நிறமும் வெளிறிய பச்சைதான். விரிந்து கெட்டிப்பட்ட பிறகுதான் கரும்பச்சை. உறை உதிர்ந்த இடத்தில் தண்டைச் சுற்றி மோதிரம் போல ஒரு தழும்பு நிற்கும். செடியின் வயதை அந்தத் தழும்புகளை எண்ணிப் பார்த்துக்கொள்வது எனக்கு ஒரு பொழுதுபோக்கு.

மணல் சுமார் 12 சென்டிமீட்டர் ஆழம், மாவு போன்ற நுண்ணிய அரகோனைட் என்ற சுண்ணாம்பு மணல். அடியில் கறுத்துவிடும், அங்கே ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும் என்பதால் கிளறக் கூடாது. அதற்காகவும் அலையாத்திக்குத் தனிப் பெட்டி என்பது எனக்குச் சரியாகப் படுகிறது. தண்டிலிருந்து முட்டுவேர் இறங்க ஆரம்பித்ததும் தண்ணீர் மட்டத்தைக் கவனியுங்கள். அந்த வேர்களின் மேல்பகுதியில் இருக்கும் நுண்துளைகள் வழியாகத்தான் அடியில் புதைந்த வேருக்குக் காற்று போகிறது. மட்டத்தை நிரந்தரமாக உயர்த்தி அவற்றை மூழ்கடித்தால் செடிக்கு மூச்சு முட்டும்.

விளக்கு விஷயத்தில் சமரசம் கிடையாது. பவளத்துக்கு நாம் போடும் நீல ஒளி அலையாத்திக்குப் போதாது. 6500 கெல்வின் அளவில் வெள்ளை எல்.இ.டி. வளர்ப்பு விளக்கு ஒன்றைத் தனியாக, உயரம் மாற்றும்படி தொங்கவிட்டிருக்கிறேன். ஜன்னல் வெளிச்சமும் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் அந்த வெயில் பவளத் தொட்டியில் விழுந்தால் பாசி.

தினமும் இலையில் நன்னீர் தெளிக்காவிட்டால் செடி செத்துவிடும் என்று ஒரு பயமுறுத்தல் உண்டு. இலை வழியாக உப்பைக் கக்குவது அவிசென்னியா என்ற இன்னொரு அலையாத்தி வகை. சுரபுன்னை உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே வடிகட்டி நிறுத்திவிடும். நான் தெளிப்பதை விட ஈரத்துணியால் துடைப்பதையே அதிகம் செய்கிறேன். தூசியும் உப்புத் திவலையும் போகும், கூடவே இலையின் அடிப்பக்கத்தையும் பார்த்தாகிவிடும். வீட்டுக்குள் மழை இல்லை, பூச்சியைத் தின்ன ஆளில்லை, அதனால் செதில்பூச்சி ஒட்டிக்கொள்ளும். பூச்சிமருந்து அடிக்கும் எண்ணமே வேண்டாம். ஒரு சொட்டு தண்ணீரில் விழுந்தாலும் இறாலுக்கும் நண்டுக்கும் ஆபத்து. துணியும் நகமும்தான் மருந்து.

வேர் உப்பை நிறுத்திவிட்டுத் தண்ணீரை மட்டும் குடிப்பதால் இன்னொரு விளைவும் உண்டு. இலை வழியாகப் போகும் நீர் ஆவியாகிப் போகும் நீரைப் போலவேதான். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். செடி பெரிதாகப் பெரிதாக, தினமும் ஊற்ற வேண்டிய நன்னீர் கூடிக்கொண்டே போகும். தானாக நன்னீர் நிரப்பும் கருவி இல்லாமல் இந்த அமைப்பை வைக்க வேண்டாம். உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரையும் வெறும் தண்ணீரில் சரிபார்க்காமல், 35 அளவுள்ள கரைசலில் சரிபாருங்கள்.

ஒரு கட்டத்தில் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, இடையில் மஞ்சளாக வெளுக்க ஆரம்பித்தன. அப்போது நைட்ரேட் சோதனையில் நிறமே வரவில்லை. பவளங்களும் வெளிறித்தான் இருந்தன. எனக்குப் பிடித்த முரண் இதுதான்: தண்ணீரைச் சுத்தமாக்க வாங்கும் செடி, தண்ணீர் அளவுக்கு மீறிச் சுத்தமானால் பட்டினி கிடக்கிறது. மீனுக்குத் தீனியைக் கொஞ்சம் கூட்டி, நுரையாக்கிக் கழிவை நீக்கும் கருவியான ஸ்கிம்மர் ஓடும் நேரத்தைக் குறைத்து, நைட்ரேட்டை லிட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராம் வரை நிறுத்தினேன். கூடவே செடிகளுக்கான கிலேட் இரும்பு (செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவ இரும்பு), மிகச் சிறிய அளவில். பழைய இலைகள் தேறவில்லை, புதிதாக வந்தவை பச்சையாக வந்தன. இரும்பைத் தாராளமாக ஊற்றினால் முதலில் கொண்டாடுவது கண்ணாடியில் படரும் பாசிதான்.

அலையாத்தி மெக்னீசியத்தைக் காலிசெய்துவிடும் என்றும் சொல்வார்கள். வாரந்தோறும் பார்க்கிறேன், லிட்டருக்கு 1300 மில்லிகிராமை ஒட்டியே நிற்கிறது. வழக்கமான தண்ணீர் மாற்றமே ஈடுகட்டிவிடுகிறது. கார எண்ணான டி.கே.எச்.சை 8-இலிருந்து 8.5-க்குள் அசையாமல் வைப்பதுதான் இதைவிட முக்கியம். உதிரும் இலையின் சாயத்தால் தண்ணீர் லேசாகத் தேநீர் நிறம் தட்டும், அதற்கு ஆக்டிவேட்டட் கார்பன் போதும்.

பவளத்தில் நான் வைத்திருப்பது தோல் பவளம், காளான் பவளம், யூஃபிலியா என்ற கல் பவளம், பவளத்தின் உறவான சில சோவாந்திட்கள். ஓரளவு சத்துள்ள தண்ணீரை இவை பொறுத்துக்கொள்ளும். அக்ரோபோரா மாதிரி கறாரான வகைகளை இதே தண்ணீரில் வைக்க எனக்கு ஆசை இல்லை. முடியாது என்று சொல்லமாட்டேன், நிம்மதி போய்விடும். சோவாந்திட் கையாளும்போது கையுறையும் கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கடும் விஷம் உண்டு. அவை ஒட்டிய கல்லை ஒருபோதும் கொதிக்கவைக்காதீர்கள். ஆவியைச் சுவாசித்து வீட்டோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

வெட்டுவதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மற்ற செடி மாதிரி நடுத்தண்டில் வெட்டிவிட்டு, பக்கத்தில் துளிர்க்கும் என்று காத்திருக்கக் கூடாது. சுரபுன்னையின் முதிர்ந்த தண்டு பெரும்பாலும் துளிர்க்காது. இலை இருக்கும் இளந்தண்டின் நுனியை மட்டும் கிள்ளினால் கிளை வரும். நான் வேர் நன்றாகப் பிடித்து, சில இலை ஜோடிகள் வந்த பிறகே கிள்ளுகிறேன். குட்டையாக வைக்க வழி அதுதான். அப்படியும் இது மரம். இயற்கையில் வீட்டு உயரத்தைத் தாண்டும். பத்து வருடத் திட்டம் இல்லாதவர்கள் யாருக்குக் கொடுப்பது என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

நாற்றைக் கரையோரக் காட்டிலிருந்து பிடுங்கி வருவதையும், பவளத்தைக் கடலிலிருந்து எடுத்து வருவதையும் நான் ஆதரிக்கமாட்டேன். கல் பவளங்கள், காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. நாட்டுக்கு நாடு சட்டம் வேறு, வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். வளர்ப்பில் பெருக்கிய பவளத் துண்டுகளே கிடைக்கின்றன. அதேபோல வேண்டாத செடியை ஆற்றிலோ கடலிலோ விட்டுவிடாதீர்கள். அலையாத்தியே இல்லாத ஹவாய்த் தீவுகளில் 1902-இல் மொலோக்காய் தீவின் கரையில் மண் அரிப்பைத் தடுக்கச் சிவப்பு அலையாத்தியை (சுரபுன்னை இனம்தான்) கொண்டுவந்து நட்டார்கள். அது மற்ற தீவுகளுக்கும் பரவி, இன்றுவரை ஆள் வைத்து வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். யாரும் வாங்கிக்கொள்ளாத செடி என்றால், நன்றாகக் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.