‘அரை அளவு’ விக்டோரியப் பொம்மை வீட்டுத் தொகுப்புகள்: பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

1:24 அளவில் (உண்மையான பொருளின் இருபத்து நான்கில் ஒரு பங்கு; வழக்கமான 1:12 அளவில் பாதி என்பதால் ‘அரை அளவு’) விக்டோரியப் பொம்மை வீடு அமைத்துக்கொண்டிருப்பவர்களும், பிரிட்டனில் இருந்தபடி அதற்கான அறைகலன்களையும் விளக்குகளையும் இணையத்தில் வாங்க எண்ணியிருப்பவர்களும் இதைப் படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். என் முறையீடு ஒன்று இன்னும் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் அந்த விளம்பரம் கண்ணில் பட்டால் நீங்களே அடையாளம் கண்டுகொள்ளும் அளவுக்கு விவரங்களைத் தருகிறேன்.

நான் அமைப்பது 1880களின் லண்டன் வரிசை வீடு. மூன்று தளங்கள், கீழே இரும்பு அடுப்புடன் சமையலறை, மேலே வரவேற்பறை, உணவறை, படுக்கையறைகள். அதற்காக ‘அரை அளவு விக்டோரிய முழு வீட்டு அறைகலன் தொகுப்பு’ என்ற ஒன்றை 185 பவுண்டுக்கும், ‘12 வோல்ட் முழு விளக்குத் தொகுப்பு’ என்ற ஒன்றை 64 பவுண்டுக்கும் ஒரே கடையில் வாங்கினேன். விளம்பரத்தில் பொருட்கள் மகாகனி மரத்தில் கையால் செய்தவை என்றும், வின்ட்சர் கோட்டையில் உள்ள அரசி மேரியின் பொம்மை வீட்டின் அளவுக்கு இணையானவை என்றும் எழுதியிருந்தார்கள். கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்து 1924இல் முடிக்கப்பட்ட அந்த வீடு 1:12 அளவில் அமைந்தது. ஒரு பொருள் அரை அளவாகவும் வின்ட்சர் வீட்டின் அளவாகவும் ஒரே நேரத்தில் இருக்க வழியில்லை. இதைச் சுட்டிக்காட்டி, விகிதம் 1:24 தானா என்று வாங்குவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டேன். ‘ஆம், அரை அளவுதான், முழுத் தொகுப்பும் ஒரே அளவு’ என்று பதில் வந்தது. அந்தப் பதிலைச் சேமித்து வைத்திருந்தது பின்னால் உதவியது.

வந்த பெட்டியில் ஒரே அளவு என்று எதுவும் இல்லை. உண்மையான உணவு மேசை சுமார் 76 சென்டிமீட்டர் உயரம் இருக்கும்; 1:24 அளவில் அது 32 மில்லிமீட்டராக வர வேண்டும். வந்த மேசை 47 மில்லிமீட்டர். அந்த வீட்டில் வாழும் ஆளுக்கு அது மார்பளவு உயரம். நாற்காலிகளும் அதே கணக்கில் பெரியவை. அதாவது உணவறைப் பொருட்கள் முழுவதும் 1:16 அளவில் செய்யப்பட்டவை. அலமாரியும் முகம் கழுவும் மேசையும் மட்டும் சரியான 1:24. குழந்தைத் தொட்டில் 1:12 அளவுக்கானது. பெற்றோரின் கட்டிலில் பாதிக்கு மேல் நீளம். 1:16 ஒன்றும் தவறான அளவன்று. கடந்த நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் விற்ற பிளாஸ்டிக் பொம்மை வீட்டுச் சாமான்கள் பல அந்த அளவில் வந்தவையே, அவற்றை இன்றும் தேடிச் சேகரிப்பவர்கள் உண்டு. அதை 1:24 என்று விற்பதுதான் மோசடி. விளம்பரத்தில் ஒவ்வொரு பொருளையும் வெள்ளைப் பின்னணியில் தனித்தனியாகப் படமெடுத்திருந்தார்கள். பக்கத்தில் நாணயமோ அளவுகோலோ கைவிரலோ இல்லை. தனியாக நிற்கும் நாற்காலியின் படத்திலிருந்து அதன் அளவை யாராலும் சொல்ல முடியாது. அந்தப் படங்கள் அதற்காகவே அப்படி எடுக்கப்பட்டவை என்று இப்போது நம்புகிறேன்.

மகாகனி என்று சொல்லப்பட்டது வார்ப்பு ரெசின், அதாவது அச்சில் ஊற்றிய செயற்கைப் பிசின். மேலே பழுப்பு வண்ணம். இழுப்பறைகள் திறக்காது, கோடுகள் மட்டும் கீறப்பட்டிருக்கின்றன.

விளக்குத் தொகுப்பு இதைவிட மோசமானது. பொம்மை வீடுகளில் வழக்கமாக இரண்டு செப்பு நாடாக்களைச் சுவரில் இணையாக ஒட்டி, அவற்றின்மேல் வால்பேப்பரை ஒட்டிவிட்டு, வேண்டிய இடத்தில் சிறு பித்தளை ஆணிகளை அடித்து விளக்குகளை இணைப்போம். பழைய முறையில் இதற்கு 12 வோல்ட் மாறுமின்னோட்டம் (ஏ.சி.) தரும் டிரான்ஸ்ஃபார்மர் போதும், ஏனெனில் இழை பல்புக்கு மின்னோட்டத்தின் திசை ஒரு பொருட்டில்லை. எல்.இ.டி. அப்படியன்று. வெள்ளை எல்.இ.டி.க்குச் சுமார் 3 வோல்ட் நேர்மின்னோட்டம் (டி.சி.) வேண்டும். 12 வோல்ட்டில் எரிய வேண்டுமானால் ஒவ்வொன்றுடனும் தொடராக, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு மின்தடை, பொதுவாக 470 ஓம், சேர்த்திருக்க வேண்டும். இந்தத் தொகுப்பில் பாதி இழை பல்புகள், மீதி மின்தடை எதுவும் இல்லாத எல்.இ.டி.கள், கூடவே கொடுத்ததோ மாறுமின்னோட்ட டிரான்ஸ்ஃபார்மர். நாடாவை மரப்பலகையில் ஒட்டி முதலில் சோதித்ததால் சுவர்த்தாள் தப்பித்தது. சுவர் விளக்குகள் இரண்டும் இணைத்த நொடியில் பளிச்சென்று மின்னி அணைந்தன. பிறகு டிரான்ஸ்ஃபார்மர் தொட முடியாத அளவுக்குச் சூடேறியது. அதன் கேபிளில் இருந்த மூன்று முனைச் செருகியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஃபியூஸ் கிடையாது. பிரிட்டனில் இத்தகைய செருகி ஃபியூஸ் இல்லாமல் விற்கப்படவே கூடாது. அதை உடனே கழற்றி வைத்துவிட்டேன். வைத்திருப்பவர்கள் யாராக இருந்தாலும் தயவுசெய்து செருகாதீர்கள்.

தொகுப்பில் வந்த பித்தளை ஆணிகளும் 1:12 வீட்டின் தடித்த சுவருக்கானவை. அரை அளவு வீடுகளின் சுவர் பெரும்பாலும் அதைவிட மெல்லியது. என் வீட்டின் சுவர் 6 மில்லிமீட்டர், ஆணியின் முனை மறுபக்கத்து அறையில் எட்டிப் பார்க்கிறது.

‘1860ஆம் ஆண்டு எரிவாயுச் சரவிளக்கு’ என்று பெருமையாகக் குறிப்பிட்டிருந்த பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் உயரம் 70 மில்லிமீட்டர். பத்தடி உயர அறை 1:24 அளவில் 127 மில்லிமீட்டர்தான் வரும். விளக்கைத் தொங்கவிட்டால் அறையில் நடப்பவர் நெஞ்சில் இடித்துக்கொள்வார். தவிர, அதன் கண்ணாடிக் குடுவைகள் எல்லாம் கீழ்நோக்கிக் கவிழ்ந்திருந்தன. எரிவாயுச் சுடர் மேல்நோக்கித்தான் எரியும் என்பதால் அக்காலத்துச் சரவிளக்குகளில் குடுவைகள் மேல்நோக்கியே இருக்கும். கவிழ்ந்த குடுவை மின்விளக்கு வந்த பிறகு பரவிய வடிவம். ஆங்கிலேயக் கண்டுபிடிப்பாளர் ஜோசப் ஸ்வானின் மின்விளக்குகள் நார்தம்பர்லாந்தின் கிராக்சைடு மாளிகையில் எரிந்ததே 1880இல்தான். இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பலர் பொருட்படுத்தமாட்டார்கள். ஆனால் எரிந்த ஒன்றிரண்டு எல்.இ.டி.களும் மருத்துவமனைத் தாழ்வாரத்தின் நீலவெள்ளை ஒளியைத் தந்ததை எப்படி விக்டோரிய வரவேற்பறையில் வைப்பது? எரிவாயு, எண்ணெய் விளக்குகளின் மஞ்சளுக்கு ஒளியின் நிறவெப்பநிலை 2700 கெல்வினோ அதற்குக் குறைவோ வேண்டும்.

பணத்தைவிட என்னைக் கவலைப்படுத்துவது மேசை விளக்குகள். அவற்றின் அடியில் பொத்தான் பேட்டரி இருக்கிறது, மூடியைப் பூட்டும் திருகு இல்லை, நகத்தால் தள்ளினால் பேட்டரி கையில் விழுகிறது. பொத்தான் பேட்டரியை விழுங்கிய குழந்தையின் உணவுக்குழாயில் அது சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை உண்டாக்கக்கூடும். பொம்மை வீடு இருக்கும் இடத்தைக் குழந்தைகள் தேடி வருவார்கள். ‘சேகரிப்பாளருக்கானது, பொம்மை அன்று’ என்று பெட்டியில் ஒரு வரி அச்சிட்டுவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று கடை நினைக்கிறது.

திருப்பி அனுப்புகிறேன் என்று எழுதியதும் பதில்கள் மாறிக்கொண்டே வந்தன. கைவினைப் பொருளில் சிறு வேறுபாடு இயல்பு என்றார்கள் முதலில். ஒன்றரை மடங்கு உயரம் சிறு வேறுபாடாம். பிறகு, பெட்டியைத் திறந்துவிட்டதால் திரும்பப் பெற முடியாது என்றார்கள். கடைசியில், எனக்காகவே தனியாகச் செய்த பொருள் என்றார்கள். அதே பட்டியல் அப்போதும் இணையத்தில் விற்பனைக்கு இருந்தது. இவற்றில் எதுவும் சட்டப்படி நிற்காது. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி விவரித்தபடி இல்லாத பொருளை 30 நாட்களுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம், பெட்டியைத் திறந்து பார்த்ததால் அந்த உரிமை போய்விடாது. 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளைக் கடன் அட்டையில் வாங்கியிருந்தால் 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி அட்டை நிறுவனமும் பொறுப்பாகும். இந்தப் பிரிவின் கீழ் அறைகலன் தொகுப்பின் பணம் திரும்பி வந்துவிட்டது. முன்பு சொன்ன மின்னஞ்சலையும், மேசைக்கு அருகில் அளவுகோல் வைத்து எடுத்த படங்களையும் இணைத்திருந்தேன். விளக்குத் தொகுப்பின் விலை அந்த வரம்புக்குக் கீழே என்பதால் அதற்கு வேறு வழியில் முறையிட வேண்டியிருந்தது. அதுதான் நிலுவையில் இருக்கிறது. ஃபியூஸ் இல்லாத செருகியைப் பற்றி உள்ளூர் வர்த்தகத் தர அதிகாரிகளுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

அந்தக் கடை இப்போது அதே படங்களை ‘பழங்கால லண்டன் இல்லத் தொகுப்பு’ என்ற புதுத் தலைப்பில் போட்டிருக்கிறது. 1:24 என்ற எண் அதில் எங்கும் இல்லை, வின்ட்சர் பற்றிய வரி அப்படியே இருக்கிறது. எந்தக் கடையானாலும் உணவு மேசையின் உயரம் எத்தனை மில்லிமீட்டர், விளக்குகள் எத்தனை வோல்ட், டிரான்ஸ்ஃபார்மர் தருவது நேர்மின்னோட்டமா மாறுமின்னோட்டமா, எல்.இ.டி.யில் மின்தடை சேர்த்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். எண்ணில் பதில் சொல்லாத கடையில் வாங்க வேண்டாம்.