32 மாதம், 11,000 கி.மீ.: என் எலக்ட்ரிக் சைக்கிளும் அதன் பின்சக்கரமும்

போன வியாழக்கிழமை சாயந்திரம் மில்லில் இருந்து திரும்பும்போது பின்சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. உடுமலைக்கு இன்னும் 5 கி.மீ. இருந்தது. 24 கிலோ சைக்கிளை வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தேன். அன்று ராத்திரி பார்த்துத் திருப்பூர் நண்பன் போன் செய்து, "மாப்ளே, உன்னோடது மாதிரி ஒரு எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கலாம்னு இருக்கேன். எப்படி ஓடுது?" என்று கேட்டான். இருந்த எரிச்சலில் "நாளைக்குப் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். அவனுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்.

பின்சக்கரத்துக்குள்ளேயே 250 வாட் மோட்டார், 36 வோல்ட் 7.5 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி. 25 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் மோட்டார் நின்றுகொள்ளும். அதனால் லைசென்ஸ், நம்பர் பிளேட் எதுவும் தேவையில்லை. சாதாரண விலையில் நம் ஊர்க் கடைகளில் நிற்பவை பெரும்பாலும் இதே அமைப்புதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அந்த வண்டிக்குச் செய்யும் அநியாயம். எங்கள் ஊர் ஆடிக்காற்று எப்படிப்பட்டது என்று இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூனில் நுழைகிற காற்று செப்டம்பர் வரைக்கும் ஓயாது. இத்தனை காற்றாலைகளை இங்கே நட்டிருப்பது அதற்காகத்தான். என் மில் கோமங்கலம் போகும் ரோட்டில், வீட்டுக்கு மேற்கே 9 கி.மீ. தள்ளி இருக்கிறது. அதாவது காலையில் முழுக்க எதிர்காற்று. பழைய சைக்கிளில் ஆடி மாதம் போய்ச் சேர 50 நிமிடம் ஆகும், இறங்கும்போது தொடை நடுங்கும். இதில் 28 நிமிடம். வாங்கிய வருடம் ஆடி முதல் வாரத்தில், தென்னை மட்டையெல்லாம் கிழக்கே சாய்ந்து கிடக்கிற ஒரு காலையில், சீராக 20-இல் போனேன். முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. எனக்கு 54 வயது, இடது முழங்காலில் தேய்மானம். அந்தக் காலையை மறக்க மாட்டேன்.

காற்றில் ஓட்டுவதற்கு ஒரு பக்குவம் உண்டு. எதிர்காற்றின் வேகம் கூடக் கூட, அதைக் கிழிக்கத் தேவையான சக்தி அதைவிட வேகமாக ஏறும். எனவே மோட்டார் எவ்வளவு தள்ள வேண்டும் என்று நாம் வைக்கிற உதவி அளவை 5-இல் வைத்துப் பறக்க நினைத்தால் பேட்டரிதான் கரையும். 2-இல் வைத்து, கியரைக் குறைத்து, பெடலை வேகமாகச் சுற்றினால் போதும். நிற்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பெரிய கியரில் நின்ற இடத்தில் இருந்து கிளப்பினால் மோட்டார் மொத்தக் கரண்டையும் இழுத்துச் சூடாகும். மேட்டிலும் அப்படித்தான், வண்டி தவழும் அளவுக்கு வேகத்தை விழவிடக் கூடாது. அப்புறம், இந்த வகையில் பெடலை நிறுத்தின பிறகும் மோட்டார் ஒரு நொடி தள்ளும். கூட்டத்தில் பிரேக் பிடியில் எப்போதும் விரல் இருக்கட்டும். பிரேக்கைத் தொட்டதும் மோட்டார் நின்றுவிடும்.

பேட்டரி பற்றிப் பெரிய புகார் இல்லை. புதிதில் ஒரு சார்ஜுக்கு 34 கி.மீ. வந்தது, இப்போது 26. வீட்டுக்கு வந்தவுடன் சார்ஜ் போடுவதில்லை, ஒரு மணி நேரம் ஆறவிட்டுத்தான். வெளியூர் போனால் பாதிச் சார்ஜில் கழற்றி உள்ளே வைத்துவிட்டுப் போவேன். காலியாக மாதக்கணக்கில் கிடந்தால் பிறகு சார்ஜே ஏறாமல் போகலாம். வாட்டர் சர்வீஸ் பக்கம் இந்த வண்டி போனதே இல்லை, ஈரத்துணிதான்.

சரி, பின்சக்கரத்துக்கு வருகிறேன்.

சாதாரண சைக்கிளில் பஞ்சர் என்றால் பத்து நிமிட வேலை. இதில் சக்கரத்தின் அச்சில் இருந்து மோட்டார் ஒயர் வெளியே வருகிறது. பஞ்சர் கடைக்குப் போனால், "அண்ணா, கழட்டறதுன்னா வேண்டாமுங்க. ஒயர் அத்துப்போனா நான் எங்கீங்க போறது?" என்கிறார். அவர்மேல் தப்பில்லை. வாங்கின கடைக்குப் போன் செய்தால் "கொண்டு வாங்க சார், பார்க்கலாம்." காற்றில்லாத 24 கிலோ வண்டியை எதில் கொண்டு போவது? குட்டியானை பிடித்து ஒரு முறை போனேன். பஞ்சருக்கு 60 ரூபாய், வண்டி வாடகை 900. வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் பேட்டரி, விளக்கு, டிஸ்ப்ளே எல்லாம் படம் போட்டு இருக்கிறது. பின்சக்கரத்தை எப்படிக் கழற்றுவது என்று ஒரு வரி இல்லை. பஞ்சரே ஆகாத ஊருக்கு வண்டி செய்தார்களா?

சீமைக்கருவேல முள் மாதிரி சின்ன ஓட்டை என்றால் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி டியூபை வெளியே இழுத்து, அங்கேயே ஒட்டிவிடலாம். இதைப் பஞ்சர் கடைக்காரருக்குச் சொல்லிக் காட்டின பிறகு அவரும் செய்து தருகிறார்.

ஆனால் வியாழக்கிழமை போனது வால்வின் அடி. கிழிந்தால் ஒட்ட முடியாது, டியூபையே மாற்ற வேண்டும். காரணம் கழற்றிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. மோட்டார் சக்கரத்தையே நேராகத் திருப்புவதால், காற்று குறைந்த டயர் ரிம்மின்மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. டயரோடு டியூபும் நகரும், வால்வு மட்டும் ரிம் ஓட்டையில் மாட்டி நிற்கும். இழுத்து இழுத்துக் கிழிந்துவிடுகிறது. வால்வு சாய்ந்து நின்றால் அதுதான் அடையாளம். என்னுடையது ஒரு மாதமாகவே சாய்ந்து நின்றது, நான்தான் கவனிக்கவில்லை. இனி ஒவ்வொரு ஞாயிறும் 45 பி.எஸ்.ஐ. பார்த்து அடிக்கப் போகிறேன்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டு நானே கழற்றினேன். பேட்டரியை எடுத்துவிட்டு, ஒயரைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் டேக்குகளை வெட்டி, கனெக்டரைத் திருகாமல் நேராக இழுத்தேன். மாட்டும்போது இரண்டு பக்க அம்புக்குறியும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். பிறகு 18-ஆம் நம்பர் ஸ்பேனர். நட்டுக்கு அடியில் ஒரு கொக்கி வாஷர் இருக்கும், அதை வந்த இடத்திலேயே மறுபடி போடாமல் விட்டால் அச்சே சுழன்று ஒயரை அறுத்துவிடும். ஒவ்வொரு படியையும் போட்டோ எடுத்தபடி கழற்றி மாட்ட இரண்டே கால் மணி நேரம் ஆனது. டயருக்கும் டியூபுக்கும் நடுவில் ஒரு லைனர் பட்டையும் வைத்துவிட்டேன், முள்ளுக்கு அது நன்றாகவே தாங்கும். மோட்டார் எடையால் பின்சக்கரத்தில் நாலு போக்ஸ் கம்பி தளர்ந்திருந்ததையும் அப்போதுதான் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை மில்லுக்கு அதிலேதான் போனேன். காற்று அடித்தது, வண்டி போனது, முழங்கால் வலிக்கவில்லை. இருந்தாலும் நண்பனுக்கு நான் சொன்ன பதில்: வாங்காதே. நீ சைட்டுக்குச் சைட்டு சுற்றுகிறவன், லீவு போட்டுச் சக்கரம் கழற்ற உனக்கு நாள் கிடையாது. மோட்டார் பெடல் பக்கம் இருக்கிற வகை கிடைத்தால் பார். அதில் பின்சக்கரம் சாதாரணச் சக்கரம்தான், எந்தப் பஞ்சர் கடையிலும் கழற்றுவார்கள். ஆனால் விலை பல மடங்கு, செயினும் சீக்கிரம் தேயும்.

அப்படியும் இதேதான் வேண்டும் என்றால், பணம் கட்டும் முன் கடையில் ஒன்று கேள்: "பின்சக்கரத்தை என் கண் முன்னாடி கழட்டி மாட்டிக் காட்டுங்க." காட்டினால் அதை வீடியோ எடுத்துக்கொள். காட்டவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போ.