லேசரா, ஊசியா? மாமாவின் இரண்டு கண்களுக்கு இரண்டு பதில்

பெங்களூரு அல்சூரில் தையல் கடை வைத்திருக்கும் என் மாமாவுக்கு ஜன்னல் கம்பிகள் நடுவில் வளைந்து தெரிய ஆரம்பித்தன. சுகர் வந்து 15 வருடம். ரெட்டினாவை, அதாவது கண்ணின் பின்புறம் இருக்கும் விழித்திரையை, ஒரு முறைகூடக் காட்டியதில்லை. வலது கண்ணில் பார்வையின் மையத்தில் நீர் கோத்து வீக்கம், இடது கண்ணில் புதிதாக முளைத்த ரத்தக்குழாய்கள் என்றார் டாக்டர். வலதுக்குக் கண்ணுக்குள் போடும் மருந்து ஊசி, இடதுக்கு லேசர். "ஏம்ப்பா, ரெண்டுக்கும் ஒரே வைத்தியம் ஆகாதா?" என்று என்னைக் கேட்டார் மாமா.

மைய வீக்கத்துக்கு ஊசிதான் என் ஓட்டு. முன்பு இதற்கும் லேசர்தான் வைத்தார்கள். அது பெரும்பாலும் இருக்கிற பார்வையைக் காப்பாற்றும். ஊசி, இழந்ததில் கொஞ்சத்தைத் திருப்பியும் தரும். ஆனால் ஆரம்பத்தில் மாதாமாதம் போட வேண்டும், செலவு கூடும். எந்த மருந்து? 2015-இல் அமெரிக்காவில் அஃப்லிபெர்செப்ட், பெவாசிஸுமாப், ரானிபிஸுமாப் என்ற மூன்றை ஒப்பிட்டார்கள். பார்வை லேசாகக் குறைந்தவர்களுக்கு மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். 6/15 (மற்றவர்கள் 15 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்க முடிகிறது) அல்லது அதைவிட மோசம் என்றால், முதல் வருடத்தில் அஃப்லிபெர்செப்ட் முந்தியது. பெவாசிஸுமாப் விலை மிகக் குறைவு. புற்றுநோய்க்கான குப்பியிலிருந்து சிறிய அளவாகப் பிரித்துப் போடுவார்கள். கிருமி படாமல் பிரிக்கிறார்களா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். ஸ்டீராய்டு ஊசியும் உண்டு. சில மாதம் தாங்கும், ஆனால் கண் அழுத்தமும் கண்புரையும் வரலாம்.

இடது கண் கதை வேறு. ரத்த ஓட்டம் குறைந்த ரெட்டினாவிலிருந்து வரும் ஒரு புரதம்தான் புதுக் குழாய்களை வளர்க்கிறது. லேசர் ஓரப் பகுதிகளைச் சுட்டு அந்தத் தூண்டுதலையே குறைக்கிறது. பக்கப் பார்வையும் இருட்டில் தெரிவதும் கொஞ்சம் குறையலாம். அது உண்மையான இழப்பு. தவறாமல் வந்து போட்டுக்கொண்டால் இங்கேயும் அந்தப் புரதத்தைத் தடுக்கும் ஊசி லேசருக்குச் சளைத்ததில்லை. ஆனால் நடுவில் விட்டுவிட்டால் குழாய்கள் மறுபடி முளைத்து, கண்ணுக்குள் ரத்தம் கசிந்து, ரெட்டினாவே பிரிந்துவிடலாம். அப்புறம் ஆபரேஷன்தான். தீபாவளி சீசனில் மாமா கடையை மூடிவிட்டு வரவே மாட்டார். அதனால்தான் இடதுக்கு லேசர் என்றதும் நான் சரி என்றேன்.

அத்தைக்கும் சுகர் உண்டு. "எனக்கு நல்லாத்தானே தெரியுது" என்கிறார். மாமாவும் போன வருடம் வரை அதைத்தான் சொன்னார். திங்கட்கிழமை அத்தையைக் கூட்டிப் போகிறேன். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டால் வெயிலில் கண் கூசும் என்பதால் ஆட்டோவில்தான்.