வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றிய இலவச வகுப்பு: போய்ப் பார்த்ததில்

மதுரைப் பக்கம் ஒரு சிறிய அமைப்பு ஊர் ஊராகப் போய் நடத்துகிற ஒரு நாள் வகுப்பு இது. எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989-தான் பாடம். கட்டணம் கிடையாது, மதியச் சாப்பாடு உண்டு. உங்கள் ஊருக்கு வந்தால் தவறவிடாதீர்கள், முடிந்தால் வீட்டுப் பெண்களையும் கூட்டிப் போங்கள்.

இதில் உருப்படியான பகுதி, புகார் கொடுக்கப் பழக்குவதுதான். வகுப்பு எடுத்த வழக்கறிஞர் ஒரு மேசையைப் போட்டு ஸ்டேஷன் ரைட்டராக உட்கார்ந்துகொண்டார். ஒரு அக்கா எழுந்து போய், "டீக்கடையில வச்சு என்னை அசிங்கமாப் பேசிட்டாருங்க" என்றார். அவர் எழுதி வாசித்துக் காட்டினால், "கடையில் வாய்த்தகராறு" என்று இருக்கிறது. சாதியும் இல்லை, சாட்சியும் இல்லை, வழக்கு அங்கேயே செத்துவிட்டது. அப்புறம் திரும்ப உட்கார வைத்துக் கேட்டார்: எந்தக் கடை, என்ன நேரம், பக்கத்தில் யார் நின்றது, அந்த ஆள் வாயிலிருந்து வந்த வார்த்தை என்ன? அந்த வார்த்தையைச் சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் ஒரு தாளில் எழுதி நீட்டினார், அதை அப்படியே புகாரில் சேர்த்தார்கள். பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதி சொல்லித் திட்டினால் இந்தச் சட்டப்படி குற்றம் என்பதும், வெளியாள் யாரும் இல்லாமல் வீட்டின் நாலு சுவருக்குள் பேசியது இதில் வராது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொன்னதும் அந்த மேசையை வைத்தே எல்லோருக்கும் புரிந்துபோனது. வெறும் பேச்சாகக் கேட்டிருந்தால் எனக்கே ஏறியிருக்காது.

நம் ஊரில் புகார் கொடுக்கப் போனால் பெரும்பாலும் நடப்பது என்ன? புகார் வந்து சேர்ந்தது என்று மட்டும் சொல்கிற ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து, "போய்ட்டு வாங்க, கூப்பிடுறோம்" என்று அனுப்பிவிடுவார்கள், நாமும் வழக்குப் பதிவாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். ரசீது வேறு, எஃப்.ஐ.ஆர். என்கிற முதல் தகவல் அறிக்கை வேறு என்பதை இரண்டையும் கையில் பிடித்துக் காட்டிச் சொன்னார்கள். வாய்மொழியாகச் சொன்னதை எழுதி, கையெழுத்து வாங்கும் முன் வாசித்துக் காட்ட வேண்டும், உடனே நகல் தர வேண்டும், பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத அதிகாரி இந்தக் கடமைகளை வேண்டுமென்றே செய்யாவிட்டால் 4-ஆம் பிரிவின்படி அதுவே குற்றம், ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை என்றதும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும், நிவாரணத் தொகை தமிழ்நாட்டில் குற்றத்தைப் பொறுத்து ஒரு லட்சம் ரூபாயிலிருந்து 12 லட்சம் ரூபாய் வரை, தீர்ப்புக்கு முன்பிருந்தே தவணை தவணையாக வரும் என்பதெல்லாம்கூட பலருக்குப் புதிது.

குறையும் இருக்கிறது. மதியத்துக்கு மேல் பிரிவு எண்களைத் திரையில் போட்டு வரிசையாக வாசித்தார்கள், பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். கொடுக்கிற கையேடு அரசாணைத் தமிழில் இருக்கிறது, பத்தாவது படித்த பிள்ளைக்கே அது பிடிபடாது, பேச்சில் இவ்வளவு எளிமையாகச் சொல்கிறவர்கள் எழுத்தில் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று வருத்தமாக இருந்தது. ஒரு தம்பி, "டவுன்ல வாடகைக்கு வீடு கேட்டா 'நீங்க என்ன ஆளுக'ன்னுதான் முதல்ல கேக்குறாங்க, அதுக்கு என்ன சார் பண்றது?" என்று கேட்டான். பதில் சுற்றி வளைத்துத்தான் வந்தது. அவரை மட்டும் குறை சொல்ல முடியாது, வாடகை, தனியார் வேலை எல்லாவற்றிலும் பாகுபாட்டைத் தடுக்கும் ஒரு பொதுச் சட்டம் இந்தியாவில் இன்னும் இல்லை, காங்கிரஸ் எம்.பி. சசி தரூர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தும் சட்டமாகவில்லை. ஆனால் அதை அப்படியே உடைத்துச் சொல்லியிருக்கலாம், கேட்ட பிள்ளைக்கு அதுவாவது தெரிந்திருக்கும்.

எனக்கு இருக்கும் பெரிய குறை வேறு. வகுப்பு பட்டியல் சாதி மக்கள் இருக்கும் காலனியில் மட்டுமே நடக்கிறது. "பி.சி.ஆர். கேஸ் எல்லாமே பொய் கேஸ்" என்று (வன்கொடுமை வழக்கைத்தான் அப்படிச் சொல்வார்கள்) டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் இருப்பது ஊருக்குள், பள்ளிக்கூடத்தில் பையன்களின் கையில் சாதியைக் காட்டுகிற வண்ணக் கயிறைப் பார்த்தும் கண்டுகொள்ளாத வாத்தியார்களும் அங்கேதான் இருக்கிறார்கள். இதே மேசையை அங்கேயும் போட்டு, இதே புகாரை அவர்களையும் எழுத வைக்க வேண்டும். ஏற்பாட்டாளர்களிடம் சொன்னேன், பள்ளிகளில் அனுமதி கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள்.

இன்னொன்று, வேலை நாளில் வைக்காதீர்கள். கூலி போகுமே என்று வராமல் போனவர்கள் எங்கள் தெருவிலேயே நிறைய. ஞாயிற்றுக்கிழமை வைத்தால் அவர்களும் வருவார்கள்.